இரண்டு போத்து, ஒரே செடி

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதம்:

“பெங்களூரில் இருக்கும் என் மகள், தன் வீட்டு டிராகன் பழச் செடியிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டிக் கொடுத்தாள். கொல்லையில் மேற்கு மதிலை ஒட்டி நட்டு இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. சிவப்புச் சதை உள்ள ரகம். அங்கே அவளுக்குக் கூடை நிறையக் காய்க்கிறது. இங்கே போன ஆண்டு பதினொரு பூக்கள். இந்த ஆண்டு ஆனி முதல் இதுவரை ஏழு பூக்கள். ஒன்றுகூடப் பழமாகவில்லை. கோடையில் தண்டெல்லாம் மஞ்சளாகிவிட்டது. இதைப் பிடுங்கிவிட்டு, இணையத்தில் விற்கும் ‘ஆறு ரகத் தொகுப்பு’ ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அமெரிக்கன் பியூட்டி, சியாம் ரெட், மொராக்கன் ரெட், மஞ்சள் பலோரா என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். நம் ஊருக்கு ஏற்ற ரகம் எது? வீட்டில் கள்ளி வளர்க்கக் கூடாது என்று என் மாமியார் வேறு சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருக்கும் ஒரு பதில் தாருங்கள்.”

அம்மா, முதலில் கடப்பாரையைக் கீழே வையுங்கள். பிடுங்க வேண்டிய அளவுக்கு உங்கள் செடியில் குறை எதுவும் இல்லை. இரண்டரை ஆண்டில் பதினெட்டுப் பூக்கள் வைத்த செடி நோயாளி அல்ல. காய் பிடிக்காததற்கான காரணத்தை உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட்டீர்கள். ஒரே செடியிலிருந்து இரண்டு துண்டுகள் என்பதுதான் அது.

முருங்கைப் போத்தை வெட்டி நட்டால் வருவது புது மரமா? அதே மரம்தான், இன்னொரு இடத்தில் நிற்கிறது. காயின் நீளம், ருசி எல்லாம் தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்பதால்தான் விதையை விட்டுவிட்டுப் போத்தை நடுகிறோம். டிராகன் பழத்திலும் அப்படித்தான். உங்கள் கொல்லையில் இரண்டு செடிகள் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். மகரந்தத்தின் கணக்கில் அங்கே இருப்பது ஒன்றே ஒன்று. முருங்கையில் இதனால் தொல்லை இல்லை. ஆனால் சிவப்புச் சதை கொண்ட டிராகன் ரகங்களில் பல, தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. தன் செடியின் இன்னொரு பூவிலிருந்து வந்தாலும், அதே செடியின் போத்தில் பூத்த பூவிலிருந்து வந்தாலும் ஏற்பதில்லை. வேறு ரகத்தின் மகரந்தத் தூள், பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சூலகமுடியில் பட்டால்தான் விதை உருவாகும். விதை உருவானால்தான் சதை திரளும். அந்தக் கறுப்பு எள் போன்ற விதைகள் எத்தனை அதிகமோ, பழம் அத்தனை பெரிது.

இது என் ஊகம் மட்டும்தான். உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது, செலவில்லாதது. அடுத்து ஒரே இரவில் இரண்டு பூக்கள் மலரும்போது, ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதன் சூலகமுடியில் நன்றாகத் தடவுங்கள். அதன்பின் ஐந்து நாள் காத்திருங்கள். வாடிய பூவின் அடியில் இருக்கும் பச்சை முண்டு பச்சையாகவே இருந்து, லேசாக உப்பினால் காய் பிடித்துவிட்டது. அப்படியானால் உங்கள் செடிக்குத் தன் மகரந்தமே போதும், அதைக் கொண்டுசேர்க்கத்தான் ஆள் இல்லை என்று பொருள். முண்டு மஞ்சளாகிக் கழன்று விழுந்தால் வேறு ரகம் தேவை. இன்னொன்றும் கவனியுங்கள்: மொட்டாக இருக்கும்போதே மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு கதை. வெயில், வறட்சி, வேரில் நீர் தேங்குவது, செடியில் சத்துக் குறைவு ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். பூ மலர்ந்து, வாடி, அதன்பின் விழுந்தால் மகரந்தக் குறைவு. பூ என்றே நீங்கள் எழுதியிருப்பதால் இரண்டாவது வகை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெங்களூரில் மட்டும் எப்படிக் காய்க்கிறது? உங்கள் மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் வீட்டிலோ, அடுத்த வீட்டு மாடியிலோ வெள்ளைச் சதை உள்ள டிராகன் செடி இருக்கிறதா என்று. இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இரவில் அந்துப்பூச்சியோ வௌவாலோ, விடியற்காலையில் தேனீயோ அங்கிருந்து தூளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருக்கும். மகளுக்கே தெரியாமல் நடக்கிற வேலை அது.

இந்தப் பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தெருவில் இதன் உறவினர் ஒருவர் நிச்சயம் இருப்பார். நாம் பிரம்மகமலம் என்றும் நிஷாகந்தி என்றும் சொல்கிற செடி இருக்கிறதே, அதுவும் இந்தக் கள்ளிக் குடும்பம்தான். அது பூக்கும் இரவில் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, விளக்கேற்றி, சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். டிராகன் பூவும் அதேபோல் பொழுது சாய்ந்தபின் இதழ் விரிக்கத் தொடங்கி, ஒன்பது, பத்து மணிக்கு முழுதாக மலர்ந்து, காலை வெயில் ஏறுவதற்குள் தொங்கிவிடும். ஒரு பூவுக்கு ஒரே ஓர் இரவுதான். பிரம்மகமலத்துக்காக விழித்திருக்கும் நாம் இதற்காக விழித்திருப்பதில்லை, காலையில் வாடிய பூவைப் பார்த்துவிட்டு “பூ கொட்டுகிறது” என்று வருத்தப்படுகிறோம்.

இனி உங்கள் இரண்டாவது புகார், மஞ்சள் தண்டு. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்ரீரங்கம் 100 மீட்டர்கூட இல்லை. அங்கே கோடையில் பகல் வெப்பம் 34 டிகிரியை ஒட்டி நிற்கும்போது இங்கே 40ஐத் தொடும். பகலைவிட முக்கியமானது இரவு. மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை உள்ளே இழுக்கும். கள்ளிகள் நீரை மிச்சப்படுத்துவதற்காகப் பகலெல்லாம் மூடிவைத்து, இரவில் திறக்கும். இரவு குளிர்ந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். மே மாதத்தில் பெங்களூரில் 21, 22 டிகிரிக்கு இறங்குகிற இரவு, திருச்சியில் 26, 27க்குக் கீழே வர மறுக்கிறது. அதோடு நீங்கள் செடியை மேற்கு மதிலில் ஏற்றியிருக்கிறீர்கள். பகல் முழுவதும் வெயில் குடித்த செங்கல் சுவர், நடுநிசி வரை அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். செடி தோசைக்கல்லில் சாய்ந்து தூங்குகிறது.

கள்ளிதானே, எந்த வெயிலையும் தாங்கும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. நம் தரிசு நிலத்துச் சப்பாத்திக்கள்ளி தாங்கும். டிராகன் அந்த வகை அல்ல. மெக்சிகோ, நடு அமெரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றிக்கொண்டு, இலை நிழலில் ஏறுகிற கொடிக்கள்ளி இது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பென்-குரியன் பல்கலைக்கழகத்தார் 1980களிலிருந்து இதை ஆராய்ந்தபோது, திறந்த வெயிலில் விடாமல் நிழல்வலைக்குள்தான் வளர்த்தார்கள். அங்கே மகரந்தத்தையும் கையால் சேர்த்தார்கள். உங்கள் இரண்டு சிக்கல்களும் அவர்களுக்கும் இருந்திருக்கின்றன, பாருங்கள்.

வழி எளிது. பங்குனி பிறந்ததும், மாலை வெயில் விழும் பக்கத்தை மறைத்து 35 அல்லது 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஆனி நடுவில் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் பூ வைக்க வெளிச்சம் வேண்டும். இப்போது மஞ்சளாகி நிற்கும் தண்டுகளைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மழை தொடங்கியதும் பெரும்பாலும் பச்சைக்குத் திரும்பிவிடும். கொழகொழவென்று இருந்தால் நல்ல பகுதி வரை வெட்டி எறிந்துவிடுங்கள்.

சரி, ரகங்கள். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏமாற்றம் இங்கேதான் அதிகம்.

தோட்டத்துக்கு வரும் டிராகன் பழங்களை மூன்று கூட்டமாகப் பார்த்தால் போதும். வெளித்தோல் இளஞ்சிவப்பு, உள்ளே வெள்ளை என்பது ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமுக்குக் கொண்டுபோய் நட்டு, பிறகு வியட்நாமின் பெரிய ஏற்றுமதிப் பழமாகவே ஆகிவிட்டது இந்த வகைதான். தோலும் சிவப்பு, சதையும் பீட்ரூட் நிறம் என்பது இரண்டாவது. மூன்றாவது, மஞ்சள் தோலில் முள் உள்ள, உள்ளே வெள்ளையான தென் அமெரிக்க வகை. இனிப்பில் இந்த மூன்றாவதை மற்றவை எட்ட முடியாது. அடுத்தது சிவப்பு. வெள்ளை கடைசி. சந்தையில் பழுக்காமல் பறித்து வரும் வெள்ளையைச் சாப்பிட்டுவிட்டு “இதில் என்ன இருக்கிறது, சர்க்கரை போட்ட சுரைக்காய்” என்று சொல்பவர்களை நான் குறை சொல்வதில்லை. மாம்பழம் தின்று வளர்ந்த நாக்கு நம்முடையது.

உங்கள் தொகுப்பில் இருக்கிற பலோரா இந்த மூன்றாவது கூட்டம். ஈக்வடாரில், ஆண்டிஸ் மலையின் அமேசான் பக்கச் சரிவில் உள்ள பலோரா என்ற ஊரின் பெயர் அது. அந்தச் சரிவின் ஈரமும் மிதமான வெப்பமும் ஸ்ரீரங்கத்துக் கத்திரி வெயிலுக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். பூவிலிருந்து பழம் வரை மற்றவை ஒரு மாதத்தில் முடிக்கும் வேலையை இது நான்கு, ஐந்து மாதம் இழுக்கும். தன் மகரந்தத்தை ஏற்கும் என்ற நல்ல குணம் இதற்கு உண்டு. ஆனாலும் ஓசூரில் இருக்கும் ஒருவர் கேட்டால் முயன்று பாருங்கள் என்பேன், உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். இஸ்ரேல் மஞ்சள் என்று விற்பது இதுவல்ல. அது வெள்ளைக் கூட்டத்தில், தோல் மட்டும் மஞ்சளாக மாறிய, முள் இல்லாத வகை. இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

மொராக்கன் ரெட் என்ற பெயரைக் கேட்டு மொராக்கோவை நினைக்க வேண்டாம். இந்தக் கொடியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். சி ரகம், ஜம்போ ரெட், தைவான் பிங்க், சியாம் ரெட், மலேசியன் ரெட் என்று நர்சரிக்கு நர்சரி சீட்டு மாறும். ஒரே செடி மூன்று பெயரில் இருக்கும், மூன்று செடிகள் ஒரே பெயரிலும் இருக்கும். நானே ஒருமுறை மூன்று பெயர்களில் மூன்று போத்துகளைத் தபாலில் வரவழைத்து, இரண்டு ஆண்டுகள் வளர்த்து, கடைசியில் மூன்றும் ஒரே வெள்ளையாகக் காய்த்ததைப் பார்த்தேன். தோட்டக்கலையில் முப்பது ஆண்டு அனுபவம் இருந்தும்தான். ஓரளவு அடையாளம் சொல்லலாம்: வெள்ளை ரகத்தின் முற்றிய தண்டில் விளிம்பு பழுப்பேறிக் காய்ந்து, கொம்பு போல் கெட்டியாக இருக்கும். சிவப்பு ரகங்களில் பலவற்றின் தண்டில் விபூதி பூசியதுபோல் வெளிறிய படலம் இருக்கும், மொட்டின் புற இதழ் ஓரத்தில் சிவப்புச் சாயல் தெரியும். ஆனால் ஒரு சாண் போத்தைக் கையில் வைத்துக்கொண்டு இது அமெரிக்கன் பியூட்டியா சியாம் ரெட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. தபாலில் அனுப்புகிறவருக்கும் அது தெரியும்.

ஆகவே விற்பவரிடம் பெயரைக் கேட்காதீர்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள். தாய்ச்செடி தனியாக நின்று, கை வைக்காமல் காய்க்கிறதா? அது எந்த ஊரில் நிற்கிறது? முதல் கேள்விக்கு ‘இது சுயமகரந்த ரகம்’ என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. தன் மகரந்தத்தை ஏற்பது வேறு, அதைத் தானே போட்டுக்கொள்வது வேறு. சில ரகங்களில் சூலகமுடி மகரந்தப்பைகளைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், தூள் எட்டாது. ஏற்கும் குணம் இருந்தும் யாராவது தொட்டுவிட்டால்தான் காய்க்கும். வியட்நாம் வெள்ளையில் இரண்டும் அருகருகே இருப்பதால் பெரும்பாலும் தானாகவே நடந்துவிடுகிறது. வீட்டுத் தோட்டத்தில் முதல் செடியாக அதைச் சொல்வதற்கு ருசி காரணமல்ல, இந்தக் குணம்தான். அமெரிக்கன் பியூட்டி தன் மகரந்தத்தை ஏற்பது என்று பெயர் பெற்ற சிவப்பு. பிசிக்கல் கிராஃபிட்டி என்று ஒரு கலப்பினம் விற்கிறார்கள், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பால் தாம்சன் உருவாக்கியது. சதை நல்ல ரோஜா நிறம், ருசியும் உண்டு, ஆனால் துணை இல்லாமல் காய்க்காது. அதையும் தனியாக வாங்கி நட்டுவிட்டு உங்களைப் போலவே எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு.

உங்கள் இடத்துக்கு என் தீர்ப்பு இதுதான்: இப்போதுள்ள சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. அவ்வளவுதான். வெள்ளை தானும் காய்க்கும், சிவப்புக்குத் தூளும் கொடுக்கும். வெள்ளையும் சிவப்பின் தூள் பட்டால் இன்னும் பருத்த பழம் தரும். ஆறு ரகத் தொகுப்பு வேண்டாம். நான்கு பேர் இருக்கும் வீட்டில், மூன்றாம் ஆண்டு முதல் தூணுக்குப் பத்துக் கிலோவை ஒட்டி எடுக்கலாம். இரண்டு தூண்களின் பழத்தைத் தின்று தீர்ப்பதே பெரும்பாடு. ஆறு தூண்கள் வைத்தால் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ய ஆள் தேட வேண்டியிருக்கும்.

எங்கே, எப்படி நடுவது? சுவரை விட்டு மூன்று அடியாவது தள்ளி வாருங்கள். கொடி சுவரில் ஒட்டி மேலே மேலே போய்க்கொண்டிருக்கும் வரை வளர்ச்சிதான் அதிகம். வளைந்து கீழே தொங்கும் கிளையில்தான் பூ நிறையப் பிடிக்கும். அதனால்தான் தூண் கட்டி, தலையில் வளையம் மாட்டி, குடை போல் தொங்கவிடுகிறோம். கல்லுக்காலோ சிமெண்ட் தூணோ போடுங்கள். பிளாஸ்டிக் குழாய் நட்டவர்கள் வருத்தப்பட்டிருக்கிறார்கள், ஏனென்றால் முற்றிய செடி ஒரு தூணில் நூறு கிலோவைத் தாண்டும். அதே காரணத்தால் மொட்டைமாடியில் வைக்கும் எண்ணம் இருந்தால் தூண் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே சுவரோ உத்தரமோ இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி குறைந்தது அரை டிரம் அளவு இருக்க வேண்டும். தலையில் பழைய ஸ்கூட்டர் டயர் போதும், இரண்டு கம்பியைக் குறுக்கே செருகி உட்கார வையுங்கள். தோட்டங்களில் தரைக்கு மேல் ஐந்து அடி, ஐந்தரை அடி விடுவார்கள். நீங்கள் நான்கரை அடியோடு நிறுத்துங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி மகரந்தம் தடவுகிற வேலை உங்களுக்கு வேண்டாம்.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு. வாழைக்குப் பொன்னான வண்டல் மண். வாழைக்கு நல்லது இதற்கு நல்லதல்ல. இதன் வேர் மேல்மண்ணிலேயே படரும், ஐப்பசி மழையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அடித்தண்டு அழுகிவிடும். ஆகவே குழி வெட்டாதீர்கள், மேடு கட்டுங்கள். தூணைச் சுற்றி முக்கால் அடி, ஓர் அடி உயரத்துக்குச் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து கொட்டி, கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு சேருங்கள். தென்னைநார்க் கழிவு நீரைப் பிடித்து வைக்கும், நிறையப் போட வேண்டாம். ஓர் அடி நீளப் போத்தை வெட்டியதும் நடக் கூடாது. நிழலில் ஒரு வாரம் கிடந்து வெட்டுவாய் காய்ந்தபின் இரண்டு விரற்கடை ஆழத்தில் வைத்துத் தூணோடு கட்டுங்கள். எது அடி, எது நுனி என்பதை வெட்டும்போதே குறித்துவையுங்கள், முட்கள் நுனிப் பக்கம் சாய்ந்திருக்கும் என்றாலும் சில போத்துகளில் குழப்பம் வரும். ஏற்கெனவே சுவரில் ஏறிய பழைய கொடியை முழுதாகப் பிரிக்க முயலாதீர்கள், சுண்ணாம்புக் காரையோடு பெயர்ந்து வரும். நல்ல நுனிகளை வெட்டி இப்படிப் புதிதாக நடுங்கள். முற்றிய தண்டிலிருந்து எடுத்த போத்து ஒன்றரை ஆண்டுக்குள் பூத்துவிடும். அதுவரை பழைய கொடி இருந்துவிட்டுப் போகட்டும்.

கவாத்தில் ஒரே விதி, தூணின் தலை வரை ஒரு தண்டு மட்டும். வழியில் துளிர்க்கிற பக்கக் கிளைகள் எல்லாவற்றையும் இளசாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். வளையத்தைத் தாண்டியதும் நுனியைக் கிள்ளினால் நாலாபுறமும் கிளைத்துத் தொங்கும். தண்ணீர் கோடையில் வாரம் இரண்டு முறை, மாலையில். மழைக்காலத்தில் வேண்டாம். பழுப்புப் புள்ளிகள் சொறி போல் பரவினால் அது பூஞ்சாணத் தண்டுநோய், அந்தப் பகுதியை வெட்டிக் கொல்லையை விட்டு வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளியுங்கள். மொட்டில் மொய்க்கும் எறும்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தேன் குடிக்க வருகிறது, பெரும்பாலும் விட்டுவிடலாம். கூடவே வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள்.

மகரந்தம் சேர்க்கும் வேலைக்கு ஒரு கிண்ணமும், பிள்ளைகள் வண்ணம் தீட்டும் மெல்லிய தூரிகையும் போதும். பூவுக்குள் நூற்றுக்கணக்கான மஞ்சள் இழைகள் இருக்கும். கிண்ணத்தைக் கீழே பிடித்துத் தட்டினால் தூள் கொட்டும். நடுவில் பல விரல்களை விரித்த கைபோல் நீட்டிக்கொண்டிருப்பது சூலகமுடி. அந்த விரல்கள் மஞ்சளாகும் வரை தூளைப் பூசுங்கள். ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை, விடிவதற்குள் முடிந்தால் சரி. வெள்ளையும் சிவப்பும் ஒரே இரவில் பூக்காதபோது, தூளை ஈரம் இல்லாத சின்ன டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாட்கள் தாங்கும். மருந்து டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலத்தையும் உள்ளே போடுங்கள்.

காய் பிடித்தால் முப்பது, முப்பத்தைந்து நாளில் பழம். தோல் சிவந்த உடனே பறிக்காதீர்கள். பறித்தபின் இது மேலும் இனிக்காது, மாங்காய் போல் வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கிற கதை இங்கே நடக்காது. நிறம் முழுதாக ஏறி நான்கைந்து நாள் போய், செதில் நுனி வாடத் தொடங்கும்போது முறுக்கி எடுங்கள். அந்த நான்கைந்து நாளும் அணிலுக்கும் உங்களுக்கும் போட்டி. கொசுவலைத் துணியில் பை தைத்து மாட்டுங்கள். முதல்முறை சிவப்புப் பழம் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயந்து மருத்துவரிடம் ஓட வேண்டாம், பீட்ரூட்டில் உள்ள அதே வகை நிறமிதான். டெங்குவுக்குத் தட்டணு ஏற்றும், சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விற்பவர் சொல்வதை நம்பி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். நல்ல பழம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

உங்கள் மாமியாருக்கு என்ன சொல்வது? முள் குத்தும், பிள்ளைகள் விளையாடும் இடம் என்று பெரியவர்கள் கள்ளியை வாசலில் தவிர்த்ததில் நியாயம் இருக்கிறது. அதனால் வாசலில் வைக்காதீர்கள், கொல்லையில் இருக்கட்டும். சிறுவயதில் சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள் நீக்கித் தின்று வாயெல்லாம் சிவந்த நினைவு அவருக்கும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால், குஜராத் அரசு 2021இல் இந்தப் பழத்துக்குக் ‘கமலம்’ என்று பெயர் வைத்துவிட்டது என்று சொல்லுங்கள். கள்ளி என்பதைவிட அந்தப் பெயர் அவர் காதுக்கு இதமாக இருக்கும். பூக்கும் இரவில் நாற்காலி போட்டு அவரைக் கொல்லையில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, இந்த ஆண்டின் பூ இன்னும் முடியவில்லை. நீண்ட பகல் உள்ள மாதங்களில் பூக்கிற செடி இது. வியட்நாமில் பகல் குறுகும் காலத்தில் தோட்டம் முழுவதும் இரவில் விளக்கெரித்துப் பூக்க வைக்கிறார்கள். நமக்கு ஐப்பசி வரை இயல்பாகவே அலை அலையாக மொட்டு வரும். மொட்டுத் தெரிந்ததிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் மலரும். உங்கள் மகள் நவராத்திரிக்கு வருவாரா? வந்தால், அவர் பார்த்துவைத்த வெள்ளைச் செடியிலிருந்து இரண்டு போத்துகளைக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாட்களில் அங்கே வெள்ளை பூத்திருந்தால், அந்தத் தூளையும் டப்பாவில் அடைத்து, பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்து இரவு ரயிலில் எடுத்து வரட்டும். வரும் நேரத்தில் உங்கள் கொல்லையில் மொட்டு இருந்தால் அன்றே பூசிவிடலாம். ஐந்தாம் நாள் முண்டு என்ன நிறத்தில் இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.